சுவரும் கடலும்: சிறுவர் சித்திரக் காட்சிகளின் வரலாறும் யாழ்ப்பாணத் தீவகமும்

சிறுவர் வரைந்த சித்திரங்களைச் சுவரிலே தொங்கவிட்டு, ஊரவரை அழைத்து, நாடா வெட்டி, விளக்கேற்றிக் காட்டும் வழக்கம் நமது பாடசாலைகளில் ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. பெற்றோர் வருவர், தம் பிள்ளையின் படம் எங்கே தொங்குகின்றதெனத் தேடுவர், கண்டதும் அதன்முன் பிள்ளையை நிறுத்திப் புகைப்படம் எடுப்பர், போய்விடுவர். தொன்றுதொட்டு வருவதுபோலத் தோற்றும் இச்சடங்கிற்கு வயது நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்னர், ஒரு பிள்ளையின் கிறுக்கலைப் பெரியோர் நின்று பார்த்தற்குரிய பொருளெனக் கருதியோர் மிகச் சிலரே. இவ்வழக்கம் எங்கே, எதன்பொருட்டுத் தோன்றியது, யாழ்ப்பாணத்தை எவ்வழியாக வந்தடைந்தது, கடலாற் பிரிக்கப்பட்ட ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகத்து ஊர்களின் பிள்ளைக்கு அது எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பன ஈண்டு நோக்கப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாடசாலைச் சித்திரம் என்பது கைப்பயிற்சியே. இலண்டன் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட பாடமுறை பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளெங்கும் பரவியது. நேர்கோடு, வளைகோடு, கனவுரு, கூம்பு, அச்சிட்ட மாதிரியைப் பார்த்து இம்மியும் பிசகாது வரைதல் என்ற ஒழுங்கில் அது அமைந்தது. தொழிற்சாலைக்கும் நில அளவைப் பகுதிக்கும் வேண்டிய கைகளை ஆக்குவதே அதன் நோக்கம். 1850 இல் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப் பாடசாலையும் இத்தகைய பயன் கருதியே எழுந்தது. இலங்கைப் பாடசாலைகளிலும் சித்திரம் என்றால் நகல் என்பதே பொருளாயிற்று. பிள்ளை எதைக் கண்டது என்று எவரும் கேட்கவில்லை. மாதிரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையே அளந்தனர்.

இதற்கிடையில் வீட்டிலும் கோயிலிலும் பிள்ளையின் கை வேறொரு பள்ளியிற் பயின்றது என்பதை மறத்தல் ஆகாது. தீவகத்துப் பெண்பிள்ளை முற்றத்திற் கோலம் இட்டாள். சாயமேற்றிய பனையோலையாற் பெட்டி இழைத்தாள். ஆண்பிள்ளை கோயில் வாகனங்களுக்குப் புதுவர்ணம் தீட்டுவோரின் அருகே குந்தியிருந்து பார்த்தான். வள்ளத்தின் அணியத்தில் எழுதப்பட்ட கண்ணையும் பெயரையும் பார்த்தான். எழுத்தறிவே மணலில் விரலால் எழுதித் தொடங்கிய நாடு இது. ஆயின் மணலில் எழுதியது அன்றைக்கே அழியும். கோலம் மறுநாட் காலையில் பெருக்கப்படும். அழிந்துபோவதே அவற்றின் இயல்பு. அதனை ஒரு குறையாகவும் எவரும் எண்ணவில்லை. பிள்ளையின் கைவேலையை எடுத்து வைத்தல், பெயரிட்டுப் பிறர்க்குக் காட்டல் என்பவையே புறத்திலிருந்து வந்த புதுமைகள்.

அப்புதுமையின் தொடக்கத்தை ஒரு வேலியிலே காணலாம். பொகீமியாவின் லைட்மெரிட்ஸ் என்னும் ஊரில் 1865 இற் பிறந்த பிரான்ட்ஸ் சீசெக், ஓவியம் பயில்வதற்காக 1885 இல் வியன்னா சென்றார். அவர் தங்கிய அறைக்கு எதிரே ஒரு நீண்ட பலகை வேலி இருந்தது. தெருப்பிள்ளைகள் கரியாலும் சுண்ணாம்பாலும் அதில் வரைவர். இடம் போதாமல் தம்முட் சண்டையும் இடுவர். கலைக்கழகத்திற் கற்பிக்கப்பட்டதற்கும் இவ்வேலியிற் கண்டதற்கும் உள்ள வேறுபாடு இளைஞரான சீசெக்கைச் சிந்திக்கவைத்தது. வெவ்வேறு பிள்ளைகள் ஒருவரையொருவர் பாராமலே ஒரே வகையான மனித உருவங்களை வரைவதை அவர் கண்டார். சிறுவர் சித்திரத்துக்கென ஓர் உள்விதி உண்டு, அது முதியோர் ஓவியத்தின் குறைபட்ட வடிவமன்று என்ற முடிவுக்கு வந்தார். வியன்னாவின் பிரிவினைக் குழுவைச் சார்ந்த ஓவியரும் கட்டடக் கலைஞரும் ஊக்கமளிக்க, 1897 இற் சிறுவர் கலை வகுப்பொன்றைத் தொடங்கினார். பின்னர் அது வியன்னாக் கலைத்தொழிற் பாடசாலையின் ஓர் அங்கமாயிற்று. வகுப்பு வாரவிடுமுறையில் நடந்தது, கட்டணம் இல்லை, வறியவர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தனர்.

அடுத்த ஆண்டு, 1898 இல், ஜேர்மனியின் ஹம்பர்க் நகரக் கலைக்கூடத்திற் ‘கலைஞனாகப் பிள்ளை’ என்னும் பொருளில் ஒரு காட்சி நடந்தது. 1908 இல் வியன்னாவில் நடைபெற்ற பெருங் கலைக்காட்சியிற் சீசெக்கின் மாணவருக்குத் தனி அறையே ஒதுக்கப்பட்டது. கிளிம்ற் முதலானோரின் ஓவியங்களைக் காண வந்தவர்கள் பிள்ளைகளின் படங்களையும் பார்த்துச் சென்றனர். ஒரு கலைப் பாடசாலை தன் சிறுவர் வகுப்பின் ஆக்கங்களை முதியோரின் கலைக்கு நிகராகப் பொதுமக்கள்முன் வைத்தமைக்கு இதனிலும் தெளிவான தொடக்கத்தைக் காட்டல் அரிது. வேலியில் வரைந்தது காட்சியறைச் சுவருக்கு வந்து சேர இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

எனினும் இவ்வியக்கத்தை உலகறியச் செய்தது கலையார்வம் அன்று, பசி. முதலாம் உலகப் போரின் முடிவில் வியன்னாப் பிள்ளைகள் உணவின்றி வாடினர். குவேக்கர் சமயத்தாரின் நிவாரணப் பணிக்காக அங்குச் சென்ற பிரான்செஸ்கா வில்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி சீசெக்கின் வகுப்பைக் கண்டு வியந்தார். அதன் பயனாக 1920 இல் இலண்டனிற் சித்திரக் காட்சி திறக்கப்பட்டது. முந்திய ஆண்டில் எக்லன்டைன் ஜெப் அம்மையாரும் அவர் சகோதரியும் தொடங்கிய ‘சிறுவரைக் காப்போம்’ நிதிக்கே அதன் வருவாய் சென்றது. காட்சி பிரித்தானிய நகரங்கள் பலவற்றைச் சுற்றியது. பின்னர் அமெரிக்காவுக்கும் போனது. படங்களின் அச்சுப் பிரதிகளும் அஞ்சலட்டைகளும் விற்பனையாயின.

இங்கே நின்று நோக்கவேண்டிய ஒரு முரண்பாடு உண்டு. பட்டினியால் வாடிய நகரத்தின் பிள்ளைகள் வரைந்த அப்படங்களிற் பட்டினி இல்லை. பூவேலை செய்த உடையணிந்த சிறுமிகள், பனிக்காலத் தெரு, நத்தார் விழா, அறுவடை, உருண்ட கன்னங்கள் ஆகியனவே நிறைந்திருந்தன. பார்த்தவர்கள் இன்புற்றனர்; இரங்கிப் பணமும் கொடுத்தனர். அவர்களுக்கு இரக்கத்தை ஊட்டியது சித்திரம் அன்று, சித்திரத்தின் அருகே எழுதப்பட்டிருந்த விளக்கமே. பிள்ளை சொன்னது ஒன்று. பிள்ளையின் பெயரால் முதியோர் சொன்னது வேறொன்று. இன்னொரு குறையும் அன்றே சுட்டப்பட்டது. ஆசிரியர் எதையும் கற்பிப்பதில்லை, பிள்ளை தானாகவே மலர்கின்றது என்றார் சீசெக். ஆயின் தொங்கிய படங்களோ ஒரே தோட்டத்துச் செடிகள்போல ஒத்திருந்தன. தடித்த புறக்கோடு, அலங்கார நிரப்பல், நடுவமைந்த உருவம் என்பன மீண்டும் மீண்டும் வந்தன. கற்பியாத ஆசிரியரின் கையும் சுவரிலே தெரிந்தது. காட்சிக்கு எதைத் தெரிவது, எதைத் தள்ளுவது என்பதும் ஒருவகைக் கற்பித்தலே அன்றோ? தெரிவு செய்யப்பட்டதைப் பார்த்தே அடுத்த ஆண்டுப் பிள்ளை வரையும்.

இங்கிலாந்தில் மேரியன் றிச்சட்சன் என்னும் ஆசிரியை டட்லி நகரப் பெண்கள் பாடசாலையில் வேறொரு வழியை வகுத்திருந்தார். கண்ணை மூடச்செய்து, தாம் சொல்லும் காட்சியை மனத்திலே காணவைத்து, பின்னர் வரையச் செய்வது அவர் முறை. 1917 இல் அவர் தம் மாணவியரின் படங்களைக் கலை விமரிசகர் றொஜர் பிறையிடம் காட்ட, அவர் அவற்றைத் தமது காட்சியிற் சேர்த்துக்கொண்டார். 1938 இல் இலண்டன் மாநகரசபை மண்டபத்திற் பெரியதொரு சிறுவர் சித்திரக் காட்சி நடந்தபோது இம்முறை பிரித்தானியப் பாடசாலைகளிற் பெரிதும் ஏற்கப்பட்டிருந்தது.

நமது நிலைக்கு இவற்றிலும் நெருங்கிய எடுத்துக்காட்டு யப்பானிற் கிடைக்கின்றது. பாரிசில் ஓவியம் பயின்று நாடு திரும்பிய யமமோதோ கனாயே, போர்க்காலமாகையால் 1916 இல் மொஸ்கோ வழியாகச் செல்ல நேர்ந்தது. அங்கே சிறுவர் சித்திரக் காட்சியொன்றைக் கண்டார். யப்பானியப் பாடசாலைகளிலோ அரசு அச்சிட்ட மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து வரைவதே சித்திரமாக இருந்தது. 1919 ஏப்பிரலில் நகானோ மாகாணத்தின் மலைப்புறக் கிராமமான கங்கவாவின் ஆரம்பப் பாடசாலையில், மாதிரி பாராது பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டு ‘சுதந்திரச் சித்திரக் காட்சி’ ஒன்றை அவர் நடத்தினார். அது தோக்கியோவின் காட்சிக்கூடத்திலன்றிக் கிராமத்துப் பாடசாலையிலேயே நடந்தமைதான் கருதத்தக்கது. வரைந்த பிள்ளையும், பிள்ளையின் வயலும், வயலில் உழைத்த தந்தையும் தாயும் அச்சுவருக்கு எட்டிய தூரத்தில் இருந்தனர். படத்தில் உள்ள மரம் எந்த மரமென்று பார்த்தவர்க்குத் தெரியும். இயக்கம் அங்கிருந்தே நாடெங்கும் பரவிற்று.

இலங்கைக்கு இப்புதிய எண்ணங்கள் கலைப் பாடசாலை வழியாக வரவில்லை. வித்தியாபகுதி வழியாக வந்தன. 1920 களிற் சித்திரப் பாடத்தின் தலைமை வித்தியாதரிசியாக இருந்தவர் சார்ள்ஸ் பிரீகுரோவ் வின்சர் என்னும் ஆங்கில ஓவியர். ஐரோப்பாவின் புதிய ஓவியப் போக்குகளை நன்கறிந்த அவர், ஜோர்ஜ் கீற் முதலிய இளைஞர்களுக்கு ஊக்கமூட்டினார். பாடசாலைச் சித்திரத்தை நகல் முறையினின்று விடுவிக்கவும் முயன்றார். அவர் பணியைத் தொடர்ந்தவர் ஜெப்றி பீலிங். 1943 இற் கொழும்பில் லயனல் வென்ற் முன்னின்று கூட்டிய ‘43 குழு’வின் உறுப்பினருள் ஒருவரான பீலிங், பிள்ளை தன் சூழலைத் தானே கண்டு வரைதல் வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தினுட் கொண்டுவந்தார். ஆங்கிலக் கல்வி சுதேசக் கைவினைகளினின்று பிள்ளைகளைப் பிரிக்கின்றது என ஆனந்த குமாரசுவாமி இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே எச்சரித்திருந்தமையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் இவ்விழையைப் பற்றியவர் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை. 1938 இல் அவர் நிறுவிய கலைக்கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. குடாநாட்டுச் சித்திர ஆசிரியர்களை ஒன்றுகூட்டி, அவர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது அக்கழகம். ஏறத்தாழ அதே காலத்திற் கலைப்புலவர் க. நவரத்தினம் தென்னிந்திய சிற்பம் பற்றியும் இலங்கையின் கலை வளர்ச்சி பற்றியும் தமிழில் நூல்கள் எழுதினார். அடுத்த தலைமுறையிற் கொழும்பு நுண்கலைக் கல்லூரியிற் பயின்று திரும்பிய ஓவியர் அ. மாற்கு, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வாயிலாக இளைஞர்களை ஒன்றுசேர்த்தார். ஒருவரின் சாயல் மற்றொருவரிற் படியாதவாறு மாணவரை வளர்த்தமை அவரது பெருஞ்சிறப்பு. 1980 களில் அவரிடம் பயின்றோர், குறிப்பாகப் பெண்கள், தத்தம் வழியிலே சென்றமை அதற்குச் சான்று. சீசெக்கால் இயலாதது மாற்குவால் ஓரளவு இயன்றது எனலாம். போரும் இடப்பெயர்வும் அவர்தம் ஓவியங்களிற் பலவற்றை இல்லாமலாக்கின. 2000 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

வியன்னாவில் வகுப்பு முந்தியது, காட்சி பிந்தியது; பரீட்சை இல்லவே இல்லை. யாழ்ப்பாணத்திலோ பரீட்சை முந்தியது. வித்தியாதரிசியின் வருகை, ஆசிரியர் தராதரப் பத்திரம், சிரேஷ்ட பாடசாலைத் தராதரச் சோதனை ஆகிய சட்டத்தினுள்ளேதான் புதிய சித்திரமும் புகவேண்டியிருந்தது. அதனாற் ‘சுதந்திர வெளிப்பாடு’ என்பதும் புள்ளியிடப்படும் ஒரு வினாவாயிற்று. இந்நிலைக்குத் தனி ஒருவரைக் குறைகூறல் நீதியன்று. தலைநகரின் நிலை வேறு. அங்கே கோரா ஏபிரகாம் அம்மையார் 1940 களின் இறுதியில் தொடங்கிய மெல்பேர்ண் சித்திர வகுப்புகள், பரீட்சைக்குப் புறம்பாகப் பிள்ளைகளை வரையவைத்து, அவர்தம் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டின. ஆயினும் அவ்வகுப்பு கொழும்பு நகரத்தது. நகரத்துப் பெற்றோரின் பிள்ளைகளுக்கே எட்டியது. அயல்நாடான இந்தியாவிற் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949 இல் தொடங்கிய சிறுவர் போட்டி, மறு ஆண்டிலேயே உலகப் போட்டியாக விரிந்தது. தபாற்செலவு கொடுக்கக்கூடிய எப்பாடசாலையும் அதிற் பங்குகொள்ளலாம் என்பது ஒரு பெரிய வாயிலே. ஆயின் போன படம் திரும்பி வாராது.

இனித் தீவகத்தை நோக்குவோம். பண்ணைப் பாலமும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான கடற்பாதையும் சில தீவுகளைக் குடாநாட்டோடு பிணைத்தன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்; கடல் கொந்தளிக்கும் காலத்தில் அதுவும் நின்றுபோகும். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏணிபோல் அமைந்த போட்டி முறையில், ஒவ்வொரு படி ஏறும்போதும் நெடுந்தீவுப் பிள்ளையின் படம் ஊரை விட்டு மேலும் விலகுகின்றது. இறுதிப் படியிற் சுவர் இருப்பது கொழும்பிலே. பிள்ளையின் தாய் அதைக் காண்பதில்லை. பல வேளைகளிற் பிள்ளையே காண்பதில்லை. சான்றிதழ் மட்டும் வரும். கங்கவாவில் நடந்ததற்கு இது நேர்மாறு.

தொலைவில் உள்ள சுவர் பிள்ளையின் கையையும் மாற்றுகின்றது. தமிழ்ப் பிள்ளைகளின் சித்திரத் தாளில் எங்கும் காணப்படும் ஓர் உரு உண்டு: இரண்டு மலைகள், அவற்றிடையே கதிர் வீசி எழும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. தீவகத்துப் பிள்ளையும் இதனையே வரைகின்றது. நெடுந்தீவில் மலை இல்லை. யாழ்ப்பாணத்திலேயே மலை இல்லை, ஆறும் இல்லை. அங்குச் சூரியன் எழுவது கடலிலிருந்து, மறைவதும் கடலினுள். சுண்ணாம்புச் சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் அத்தீவில் உண்டு. அவற்றின் துவாரங்களினூடே தெரியும் வெளிச்சத்தை எந்த மாதிரிப் படத்திலும் காண்டல் இயலாது. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும், தறிகெட்டுத் திரியும் மட்டக்குதிரைகளும், அடி பருத்த பெருக்குமரமும் உண்டு. ஊர்காவற்றுறையிலிருந்து பார்த்தால் நீரின் நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை நிற்கும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையின் தூபியும் ஒரே கரையில், ஒரே படகுக்குக் காட்சி தரும். ஆனி மாதத் திருவிழாவுக்கு வந்து இறங்கும் கூட்டத்தை ஒரு பிள்ளை இறங்குதுறையில் நின்று காணும் கோணம் வேறெவர்க்கும் வாயாதது. இவையெல்லாம் இருக்க, காணாத மலையைப் பிள்ளை ஏன் வரைகின்றது? பரிசு பெற்ற படத்திலும், சிவகாசியில் அச்சான நாட்காட்டியிலும், பாடப் புத்தகத்திலும் மலையைக் கண்டது; சித்திரம் என்றால் அதுதான் என்று தெளிந்துகொண்டது. தென் கென்சிங்டனின் நகல்முறை முன்வாயிலால் வெளியேறிப் பின்வாயிலால் மீண்டும் புகுந்துவிட்டது. நடுவராக வருவோரும் இதற்குப் பொறுப்பாளிகளே. முருகைக்கல் வேலியைக் கண்டிராத நடுவருக்கு அது ஏதோ அழுக்குப்போலத் தோன்றியிருத்தலும் கூடும்.

படகையே எடுத்துக்கொள்வோம். தீவகத்துப் பிள்ளை வரையும் படகைப் பட்டினத்தார் இயற்கைக் காட்சியெனக் கொள்வர். 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். இறந்தோருட் குழந்தைகளும் இருந்தனர். அதன்பின் அத்தீவிற் படகை வரையும் பிள்ளை எதனை வரைகின்றது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அல்லது கேட்டறிதல் வேண்டும். ஒரு நீலக்கோடும் அதன்மேல் ஒரு படகும் மட்டும் போதிய விடையாகா. எல்லாப் படகும் குமுதினியே என்று கொள்வதும் அதே அளவு தவறு. தந்தை மீன்பிடிக்கச் செல்லும் வள்ளமாகவும் அது இருக்கலாம். வியன்னாப் படங்களுக்கு இலண்டனில் நேர்ந்ததும் இதுவே.

1990 இலும் 1991 இலும் நடந்த படை நடவடிக்கைகளின்போது வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். பாடசாலைகள் குடாநாட்டில் இடம்பெயர்ந்த நிலையில் இயங்கின. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாடே பெயர்ந்தது. இத்தகைய வேளையில் வீட்டை விட்டுப் புறப்படுவோர் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொள்வர். பிள்ளையின் சித்திரக் கொப்பியை எவர் எடுப்பர்? உவர்க்காற்றும் கறையானும் மிஞ்சியதை முடித்தன. போர்க்காலத்துச் சிறுவர் சித்திரம் குறித்து இலங்கைத் தமிழர்மத்தியில் நடந்த முயற்சிகளுள் 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா குறிப்பிடத்தக்கது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதற்கு அடியிட்டனர். அங்கே சித்திரம் போட்டிக்குரிய பொருளாகவன்றி, பிள்ளையை ஆற்றும் வழியாகக் கொள்ளப்பட்டது. தீவகத்துக்கு அத்தகைய பூங்கா கிட்டவில்லை.

இவ்விடத்திற் சீசெக்கின் மாணவியர் ஒருவரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் வியன்னாவிற் சீசெக்கிடமும், பின்னர் வைமாரின் பௌஹௌஸ் கலைப் பாடசாலையிலும் பயின்றவர், யூதர். 1942 டிசம்பரில் நாசிகள் அவரையும் அவர் கணவரையும் தெரேசின் முகாமுக்கு அனுப்பினர். சீசெக் பிறந்த லைட்மெரிட்ஸ் அம்முகாமுக்கு மிக அண்மையில் உள்ளதென்பது வரலாற்றின் கொடிய தற்செயல்களுள் ஒன்று. எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சிறு சுமையிற் பெரும்பகுதியை அவர் சித்திரப் பொருள்களாகவே கொண்டுசென்றார். முகாமின் சிறுவர் இல்லங்களில் வகுப்பு நடத்தினார். கழித்த அலுவலகப் படிவங்களின் பின்புறமே சித்திரத் தாளாயிற்று. 1943 இல் முகாமுக்குள்ளேயே, ஒரு சிறுவர் இல்லத்தின் நிலவறையில், அப்படங்களைக் காட்சிக்கு வைத்தார். பார்க்க வந்தவரும் கைதிகளே. கங்கவாவைப் போல இங்கும் வரைந்தவரும் பார்த்தவரும் ஒரே இடத்தவர். 1944 ஒக்டோபரில் அவர் அவுஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற சிறுவருட் பெரும்பாலோரும் உயிர் தப்பவில்லை. அவர் இரண்டு பெட்டிகளில் மறைத்துவைத்த ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் தப்பின. அவை இன்று பிராக் நகர யூத அரும்பொருளகத்தில் உள்ளன.

அவ்வகுப்பில் ஆசிரியை ஒன்றை வற்புறுத்தினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்திலே தன் பெயரை எழுதவேண்டும் என்பதே அது. இலக்கமிட்டு மனிதரை எண்ணிய இடத்தில் அவர் பெயரைக் கேட்டார். அதனாலேயே இன்று அச்சித்திரத்தின்முன் நிற்பவர், ‘போரினாற் பாதிக்கப்பட்ட சிறுவர்’ என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடாது, இன்ன பெயருடைய, இன்ன வயதுடைய பிள்ளை இதனை வரைந்தது என அறிகின்றார்.

நமது போட்டிகளிற் பெயர் முன்புறத்தில் வரலாகாது என்பது பொதுவிதி. நடுவுநிலைமைக்கு அது வேண்டியதே. பெயர், வயது, பாடசாலை ஆகிய விவரங்கள் தாளின் பின்புறத்தில் எழுதப்படும். தெரிவான படத்தைப் பின்னர் பிறிஸ்டல் அட்டையில் முழுவதும் பசை தடவி ஒட்டிச் சுவரில் ஏற்றுவர். பின்புறத்தில் எழுதியது பசைக்குள் மறைந்துவிடும். முன்புறத்திற் குத்திய சிறு துண்டுச்சீட்டு காட்சி முடிந்த அன்றே கழன்று விழும். அட்டையின் நான்கு மூலையில் மட்டும் பசையிட்டால் இது நேராது. வலயக் காட்சி முடிந்ததும் அப்படங்களைக் கட்டி, குறிகட்டுவானிற் படகேற்றி, நெடுந்தீவுப் பாடசாலை மண்டபத்திலும் நயினாதீவுப் பாடசாலை மண்டபத்திலும் ஒவ்வொரு கிழமை தொங்கவிடுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியமும் கலைவரலாறும் பயிலும் மாணவர் அப்படகிலே கூடச் செல்லலாம். மண்டபத்திற் பிள்ளையின் தாயும், வலை பொத்தும் பேரனும் வந்து நிற்பர். இது எந்தத் துறை, எந்த வள்ளம், அந்த ஆள் ஆர் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, படத்தின் கீழே மையால் எழுதி வைக்கலாம்.